பொன்னுத்தங்கத்தின் எட்டு மணிப் பேச்சு

பொன்னுத்தங்கத்துக்கு வயது நாற்பத்து மூன்று. சிவகாசிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மருந்து செலுத்துகிறாள். பூச்சட்டிக் குழாய்க்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, இறுக்கி, மூடித் தள்ளுகிற வேலை. கை அத்தனை சுத்தம். ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. வாய்தான் கிடையாது. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அதற்கும் அடுத்தவர், "அக்கா என்ன சொன்னாக?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் சத்தம் போடுவதில்லை. அங்கே வேலை நடப்பது ஒரே கட்டடத்தில் இல்லை. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள், ரூமுக்கு நாலு வாசல், உள்ளே நாலே பேர். இருபதாம் ரூமில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நடந்து போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்கள். யாராவது குரலை உயர்த்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும். என்ன ஏது என்று கேட்பதெல்லாம் வேலிக்கு வெளியே போன பிறகு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இருபத்திரண்டு வருடம் அப்படிப் பேசிப் பழகியவளுக்குத் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

பிறந்தது மல்லாங்கிணறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. தெரிந்த கேள்வியாக இருந்தாலும் குனிந்தே இருந்துவிடுவாள். லோடு ஆட்டோ ஓட்டும் முனியராஜுக்கு வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தாள். அவன் போனில் பேசும்போது, "லைன்ல இருக்கியா, வச்சிட்டியா?" என்று நடுநடுவே கேட்டுக்கொள்வான். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனால் மட்டும் நன்றாகக் குலவை போடுவாள். அதுவும் கூட்டத்தோடு கூட்டமாகத்தான். ஒரே மகள் பிரீத்திகா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். போன சித்திரையில் அவள்தான் அம்மாவின் இருமலைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் பவுடர் தூசி சேர்ந்திருக்கிறது, இனி மருந்து ரூமில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது அவருக்குச் சுலபம். மருந்து ரூமை விட்டால் வேறு எங்கே போய் உட்காருவது?

ஒரு வழி இருந்தது. கம்பெனியின் போர்மேன் சீனிவாசகம் வயதாகிவிட்டதென்று நின்றுகொண்டார். போர்மேன் என்றால் ரூம் ரூமாகச் சுற்றி வந்து, எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர். மருந்தில் கை வைக்க வேண்டியதில்லை. பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்ச் சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் கம்பெனியில் இரண்டே பேர். ஒருத்தி பொன்னுத்தங்கம், இன்னொருவன் மேனேஜரின் மச்சினன் செந்தூர்பாண்டி. அவன் ரூமில் இடமில்லையென்றால் மரத்தடியில் சாக்கை விரித்து மருந்து செலுத்தச் சொல்கிற ஆள். வேலை வேகமாக நடக்கும். மற்றதை அவன் யோசிப்பதில்லை.

மேனேஜர் காளீஸ்வரன் நியாயத்துக்குக் கொஞ்சம் பயப்படுகிறவர். பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தா பாரும்மா. தெனம் காலையில எட்டு மணிக்கு வேலை தொடங்க முந்தி, எம்பது பேருக்கும் அஞ்சு நிமிசம் பாதுகாப்பு பத்திப் பேசணும். போர்மேனுக்கு மொத வேலை அதான். ரெண்டு மாசம் நீ பேசு. பேசிட்டா வேலை ஒனக்கு. முடியலைன்னா மாப்பிள்ளை செந்தூர்பாண்டிக்குத்தான் குடுக்க முடியும்."

"பேசணுமா அண்ணாச்சி?" என்றாள். அவருக்கே அது கேட்கவில்லை.

முதல் நாள் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுடும். மேனேஜர் எழுதிக் கொடுத்த தாளில் 'பணியிடப் பாதுகாப்பு விதிமுறைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்குமாறு' என்று ஆரம்பித்து ஒரு முழ நீளத்துக்கு ஒரே வாக்கியம். வரிசையாக நிற்கிற எண்பது பேரைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாளைப் பார்த்தபடி முணுமுணுத்து முடித்தாள். மூன்றாவது வரிசையில் பாண்டிமீனா நின்றாள். பொன்னுத்தங்கத்தின் ரூமிலேயே வேலை பார்க்கிற பிள்ளை. வாய் சும்மா இருக்காது.

"அக்கா சாமிகிட்ட தனியா ஏதோ சொல்லிட்டிருக்காக, நம்ம தொந்தரவு பண்ணக்கூடாது" என்றாள். அதைக் கேட்டு அந்த வரிசையே சிரித்தது. பொன்னுத்தங்கம் பேசியதைவிட அது நன்றாகவே கேட்டது.

மைக் வைத்துக்கொள்ளலாம் என்றால் கரண்டில் ஓடுகிற எதுவும் அந்த வளாகத்துக்குள் ஆகாது. செல்போனையே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். தொண்டைதான் கதி. நாலு நாள் அப்படியே போனது. மேனேஜர், "சத்தமாப் பேசும்மா, சத்தமா" என்று தினமும் சொன்னார். செந்தூர்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று சிரித்தான்.

தெருவில் பெர்சிஸ் என்று ஒரு டீச்சர் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கக் கூட்டத்தை நடத்துவது அவள்தான். அறுநூறு பிள்ளைகளை ஒரு வார்த்தையில் நிறுத்துவாள் என்று பேர். பொன்னுத்தங்கம் வெட்கத்தை விட்டு அவளிடம் போய்க் கேட்டாள்.

"இதுல ஒண்ணும் இல்லக்கா" என்றாள் பெர்சிஸ். "ஆளுக மூஞ்சியப் பாக்காதீக. கடைசி வரிசைக்குப் பின்னாடி சுவரு இருக்கும்ல, அதப் பாருங்க. சத்தத்த வயித்துல இருந்து எடுங்க. மொத வார்த்தையே கணீர்னு விழணும். அப்பத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாக."

நல்ல புத்திமதிதான், பள்ளிக்கூடத்துக்கு. பொன்னுத்தங்கம் அதைக் கர்ம சிரத்தையாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஊருக்கு மேற்கே சோளக் காட்டுக்குப் போனாள். முனியராஜ் நூறு அடி தள்ளி, கருவேல மரத்தடியில் போய் நின்றுகொள்வான். கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் அவன் கை கீழேயே தொங்கியது. ஐந்தாம் நாள், "ஆடு மேய்க்கிற ஆளுக எல்லாம் பாக்குறாக, போதும் தங்கம்" என்று அவனே ஓடி வந்தான். அன்றைக்கு அவளுக்கு உண்டான சந்தோசம் கொஞ்சமில்லை. தனக்குள் இப்படியொரு சத்தம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. எண்பது பேரும் வரிசையில் நின்றார்கள். பொன்னுத்தங்கம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் தெரிந்த ஆபீஸ் சுவரைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, சோளக் காட்டில் கத்திய அதே அளவில், "வணக்கம்" என்று ஒரே கத்தாகக் கத்தினாள்.

அந்த ஒரு வார்த்தையோடு கூட்டம் முடிந்தது. எண்பது பேரும் ஓடினார்கள். அவள் என்ன சொன்னாள் என்று யாரும் காதில் வாங்கவே இல்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு பொம்பளை அடிவயிற்றிலிருந்து கத்தினாள், அவ்வளவு போதும். ஆறரை மணிக்கே வேலையை ஆரம்பித்திருந்த கலவை ரூம் ஆட்களும் மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வேலிப் பக்கம் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் செந்தூர்பாண்டி. முள்கம்பியில் பேண்ட் மாட்டி, தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழிந்தது. காளீஸ்வரன் அண்ணாச்சி எட்டு வருடமாக மூட்டு வலிக்காரர். அவர் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றார். எப்படிப் போனார் என்று அவருக்கே விளங்கவில்லை. பொன்னுத்தங்கமும் ஓடினாள். தன் சத்தத்துக்குத்தான் ஓடுகிறோம் என்பது பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விசயம் தெரிந்ததும் சிரித்தவர்கள் பாதி, திட்டியவர்கள் பாதி. ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்ந்திருந்தது. கலந்த மருந்தைப் பாதியில் விட்டு ஓடியது விளையாட்டுக் காரியமில்லை. மேனேஜர் ஆள் எண்ணி முடிப்பதற்குள் மணி ஒன்பதரை. "நாளையில இருந்து மாப்பிள்ளையே பேசட்டும்" என்றார். மறுநாள் செந்தூர்பாண்டி தாளை வாங்கி ஒரு நிமிடத்தில் கடகடவென்று படித்து முடித்தான். யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டுமென்று அவனும் நினைக்கவில்லை.

பொன்னுத்தங்கம் வீட்டில் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். முனியராஜ் தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"எம்பது பேரும் ஓடுனாகள்ல?" என்றான்.

"ஆமா."

"அப்ப ஒஞ்சொல்லுக்கு எம்பது பேரு ஓடியிருக்காக. கலெக்டர் சொன்னாக்கூட அப்படி ஓட மாட்டாக. எந்திரிச்சுச் சாப்பிடு."

சிரிப்பு வந்தது, ஆனாலும் அவமானம் போகவில்லை. மறுபடியும் ஒன்பதாம் நம்பர் ரூமில் போய் உட்கார்ந்தாள். இருமிக்கொண்டே மருந்து செலுத்தினாள். அந்த வாரத்தில் ஒரு நாள், பாண்டிமீனா மருந்துத் தட்டைத் தரையில் இழுத்துத் தள்ளினாள். பொன்னுத்தங்கம் கையை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், எப்போதும் பேசுகிற அளவில் சொன்னாள்.

"மீனா, தட்ட உரசாத. தூக்கி வையி. எங்கண்ணு முன்னாடி ஒருத்தி உரசித்தான் தீப்பிடிச்சுப் போனா. இருபத்தாறு வயசு."

பாண்டிமீனாவின் கை நின்றது. மற்ற இரண்டு பேர் கையும் நின்றது. மூன்று பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "யாருக்கா அது?" என்றார்கள். பொன்னுத்தங்கம் சொன்னாள். பெயர், ஊர், அன்றைக்கு என்ன கிழமை, தட்டு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை யாரும் அசையவில்லை. வாய் நீண்ட பாண்டிமீனா கூட அன்று முழுக்கத் தட்டைத் தூக்கித்தான் வைத்தாள்.

பொன்னுத்தங்கம் சாயங்காலம் கம்பெனி வேன் ஏறும் வரை அதையே யோசித்தாள். இந்த ஆட்கள் சத்தத்துக்கு ஓடுகிறவர்கள். மெதுவாகப் பேசினால் சாய்ந்து கேட்கிறவர்கள். டீச்சர் சொன்னது பிள்ளைகளுக்கு. இவர்களுக்கு அது ஆகாது. அப்புறம் இன்னொன்றும் அவளுக்குப் பட்டது. தாளில் இருப்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் அதைச் சொல்லும்போது பயம் வருகிறது. கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது பயப்பட அவளுக்கு நேரமில்லை.

மறுநாள் வேனில் பேசிப் பார்த்தாள். பதினாலு பேர். "நேத்து பதினோராம் ரூம்ல வாசப்படியில ஒரு தூக்குவாளி இருந்துச்சு. ஓடுறப்ப அதுல தட்டித்தான் விழுவோம்" என்றாள். பதினோராம் ரூம்காரி, "என் தூக்குவாளிதான்க்கா, எடுத்துர்றேன்" என்றாள். இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் முப்பது பேர் இருக்கும்போது, பாலியஸ்டர் சேலை கட்டி வந்த ஒருத்தியை வைத்துக்கொண்டே, பாலியஸ்டர் தீயில் உருகி உடம்போடு ஒட்டும், அதனால்தான் நூல் சேலை என்று சொன்னாள். நாக்கு ஒட்டவில்லை. இன்றைக்கு முப்பதென்றால் நாளைக்கு எண்பதுக்கு என்ன என்று அவளுக்குத் தோன்றியது. மேனேஜரிடம் போனாள்.

"இன்னொரு மொறை பேசுறேன் அண்ணாச்சி. கத்த மாட்டேன்."

"கத்தாம எப்படிம்மா கேக்கும்?"

"வரிசையா வேண்டாம். சுத்தி நிக்கச் சொல்லுங்க, கிட்டத்துல."

அவர் அரை மனதாகத்தான் சரி என்றார். அடுத்த நாள் எண்பது பேரும் அவளைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். தாள் இல்லை. சுவரைப் பார்க்கவில்லை. பதினோராம் ரூம்காரியின் முகத்தைப் பார்த்து, தன் அளவிலேயே ஆரம்பித்தாள். முதல் வார்த்தை பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் நின்றவர்களை, "உஸ்ஸ்" என்று அடக்கினார்கள். இரண்டாவது வாக்கியத்தில் அந்த வளாகமே அமைதியானது. முந்தின நாள் போகவர எந்த ரூமில் என்ன பார்த்தாளோ அதை மட்டும் சொன்னாள். ஐந்து நிமிடம் ஏழு நிமிடமானது, யாரும் நகரவில்லை.

அதிலிருந்து ஆவணி முழுக்கத் தினமும் பேசினாள். மருந்துத் தட்டுகள் தரையில் உரசுகிற சத்தம் நின்றது. வாசல்களில் சாமான் கிடப்பது குறைந்தது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, உள்ளே நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட மறந்தவர்களைப் பாண்டிமீனாவே திருப்பி அனுப்பினாள். "அக்கா இன்னைக்கு என்ன சொல்லப் போறாகளோ" என்று வேனிலேயே கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு முதலாளி காது வரைக்கும் போனது.

புரட்டாசி பிறந்து, தீபாவளி சீசன் கழுத்தைப் பிடித்தது. மழையில் பத்து நாள் வேலை கெட்டுப் போனதில் வடக்கே அனுப்ப வேண்டிய லோடு பாதிகூட ஆகவில்லை. ஒரு காலையில் ஏழே முக்காலுக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே இரண்டு வேனில் நாற்பது பேர் வந்தார்கள். அவருடைய இன்னொரு யூனிட் ஆட்கள். பொன்னுத்தங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மரியாதையான மனுசர், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"நல்லாப் பேசுறியாமே. எல்லாரும் சொல்றாக. ரொம்ப சந்தோசம். இன்னையோட ரெண்டு மாசம் முடியுதாம்லம்மா. போர்மேன் ஆர்டரு அடிச்சு வச்சாச்சு, சாயங்காலம் வாங்கிக்க" என்றார். பிறகு, "ஒரு ஒத்தாசை. ரெண்டு வாரத்துக்கு ரூமுக்கு ஆறு பேரா ஒக்காரணும். நான் சொன்னா மொணங்குவாக, செந்தூர்பாண்டி சொன்னா சண்டைக்கு வருவாக. நீ சொன்னா கேப்பாக. ஒம்பேச்சுலயே சேத்துச் சொல்லிரு."

அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்தாள். மேஜை மேல் கிடந்த ஆர்டர் தாளில் தன் பெயரைப் பார்த்திருந்தாள். அது கையில் வந்துவிட்டால் நாளையிலிருந்து மருந்துத் தூசி இல்லை. நெஞ்சு தேறும். மகளிடம் போனில் சொல்லலாம். அவ்வளவும் அவளுக்கு வேண்டியிருந்தது. அதில் பொய்யே இல்லை.

நூற்றிருபது பேர் சுற்றி நின்றார்கள். முதலாளியும் மேனேஜரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஆவணி முழுக்க ஒட்டாமலிருந்த நாக்கு அன்றைக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. பாண்டிமீனா முன்னால் நின்று இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு என்று சொன்னால் அந்தப் பிள்ளை மறுபேச்சில்லாமல் ஆறாவது ஆளுக்கு இடம் ஒதுக்கி உட்காரும். கேட்காமல் சிரித்தவள்தான் இப்போது கேட்கிறாள். பொன்னுத்தங்கத்துக்கு அந்த நேரம் வந்த பயம் கூட்டத்தைப் பார்த்து வந்த பயமில்லை. சொன்னால் செய்துவிடுவார்களே என்ற பயம்.

"மொதலாளி வந்திருக்காக" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சாய்ந்தார்கள். "இன்னையில இருந்து ரூமுக்கு ஆறு பேரு ஒக்காரணும்னு சொல்லச் சொன்னாக. சொல்லிட்டேன்."

பாண்டிமீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"இப்ப நான் சொல்றேன். நாலு பேரு. வாசலு நாலு, ஆளு நாலு. ஆறு பேரு ஒக்காந்தா ஓடுறப்ப ரெண்டு பேரு இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னாடி நிப்பாக. அந்த ரெண்டு பேரு யாருன்னு இப்பவே சொல்லிட்டு உள்ள போங்க."

புதிதாக வந்த நாற்பது பேரில் ஒரு நடுவயது ஆள், "எங்க பொழப்புக்கு என்னம்மா வழி?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

"பெட்டி ஒட்டுற வேலை கெடக்கு, லேபிள் வேலை கெடக்கு அண்ணாச்சி. அதக் கேளுங்க. நானும் கூட நின்னு கேக்குறேன். மருந்து ரூமு மட்டும் வேண்டாம்."

முதலில் நகர்ந்தது பாண்டிமீனா. பொன்னுத்தங்கத்தையும் சேர்த்து இன்னும் மூன்று பேரை விரலால் எண்ணித் தொட்டு, ஒன்பதாம் ரூமைப் பார்த்து நடந்தாள். பிறகு பதினோராம் ரூம். நாலு நாலாகப் பிரிந்து எண்பது பேரும் போனார்கள். ஐந்தாவதாக யாரும் எந்த வாசலிலும் நுழையவில்லை. முதலாளி கத்தவில்லை, அங்கே கத்தக்கூடாதென்று அவருக்கும் தெரியும். நாற்பது பேரையும் பெட்டிக் கொட்டகைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் ஆர்டர் வந்தது. பெயர் மாறியிருந்தது. இப்போது போர்மேன் செந்தூர்பாண்டிதான். காலை எட்டு மணிக்கு ஆஜர் எடுக்கிறான், தாளைப் படிக்கிறான், "சரி, உள்ள போங்க" என்கிறான். ஒருவரும் போவதில்லை. பொன்னுத்தங்கத்தைச் சுற்றி வந்து நிற்கிறார்கள். முதல் வாரம் அவன் முறைத்துப் பார்த்தான். இப்போது அவனும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகிறான். அவள் தன் அளவில் ஐந்து நிமிடம் பேசுகிறாள், நடுவில் இருமல் வந்தால் நிறுத்திக்கொள்கிறாள், எண்பது பேரும் காத்திருக்கிறார்கள். பேசி முடித்ததும் ஒன்பதாம் நம்பர் ரூமுக்குள் நாலாவது ஆளாகப் போய் உட்காருகிறாள்.